சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்கு மருத்துவ உபகரணம்: யாரைக் கேட்பது, எதைக் கேட்பது?

உங்கள் வாட்ஸ்ஆப்பில் இப்படி ஒரு செய்தி வராத மாதம் இருக்காது. நாலு வயதுப் பிள்ளை, பெருமூளை வாதம், சக்கர நாற்காலி தேவை. அப்பா லாரி ஓட்டுகிறார், அம்மா பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டுவிட்டார். கீழே ஒரு வங்கிக் கணக்கு எண். நீங்கள் ஐம்பது ரிங்கிட் அனுப்பியிருப்பீர்கள், இல்லையென்றால் இன்னும் இரண்டு குழுவுக்குத் தட்டி விட்டிருப்பீர்கள். ரெண்டுமே நல்ல காரியம்தான். ஆனால் அந்தக் குடும்பம் உங்களுக்குத் தெரிந்த குடும்பமாக இருந்தால், ஐம்பது ரிங்கிட்டைவிடப் பெரிய உதவி ஒன்றை உங்களால் செய்ய முடியும். அது பாரம் நிரப்புவது.

சும்மா சொல்லவில்லை. உதவிக்கான பாரங்கள் மலாய் மொழியில் இருக்கும். தெரபிஸ்ட் எழுதும் அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். பிள்ளையின் அம்மாவுக்கோ பாட்டிக்கோ தமிழ்தான் சரளம். இந்த மூன்றுக்கும் நடுவில் நிற்பது யார்? மூன்று மொழியும் தெரிந்த சித்தப்பா மகள், பக்கத்து வீட்டுத் தம்பி. அதாவது நீங்கள். இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

முதலில் அட்டை

மலேசியாவில் 2008ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டம் அமலுக்கு வந்தது. ஐநாவின் மாற்றுத் திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை நம் நாடு 2010இல் உறுதிப்படுத்தியது. இதெல்லாம் பெரிய விஷயம். ஆனால் வீட்டளவில் எல்லாம் தொடங்குவது ஒரு சிறிய அட்டையில், நாம் எல்லாரும் ஓகேயு கார்டு என்று சொல்லும் அட்டையில்.

பதிவு செய்வது கட்டாயம் இல்லை, கட்டணமும் இல்லை. சமூக நல இலாகா, அதாவது நம் வீடுகளில் ‘கெபாஜிகான்’ என்று சொல்லும் ஜேகேஎம், இதைக் கொடுக்கிறது. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் அல்லது மைகிட், பெற்றோரின் அடையாள அட்டை, புகைப்படம், டாக்டர் உறுதிப்படுத்திய பாரம் ஆகியவை வேண்டும். எஸ்எம்ஓகேயு என்ற இணையத்தளம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம்.

பதிவில் ஏழு வகைகள் உள்ளன: செவித்திறன், பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பல்வகை. இங்கேதான் கவனம் தேவை. பெருமூளை வாதம் உள்ள பிள்ளைக்கு நடக்கவும் சிரமம், கற்பதிலும் சிரமம் என்றால் எந்த வகை பொருந்தும் என்று டாக்டரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். ‘கற்றல்’ என்று மட்டும் பதிந்த பிள்ளைக்குப் பிறகு சக்கர நாற்காலி கேட்டுப் போனால், ஏன் என்ற கேள்வி வரும். பதிலுக்கு மறுபடியும் ஒரு டாக்டர் கடிதம், மறுபடியும் ஒரு கியூ.

பல குடும்பங்கள் இந்த அட்டையைத் தள்ளிப் போடுகின்றன. “கார்டு எடுத்தா பிள்ளைக்கு முத்திரை குத்தின மாதிரி ஆயிடும், பெரியவனா ஆனா சரியாயிடும்” என்று வீட்டில் யாராவது ஒருவர் சொல்வார். அந்தத் தயக்கம் புரிகிறது. ஆனால் பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பில் படிக்கும் பிள்ளைக்குக் கல்வி அமைச்சு தரும் மாதம் 150 ரிங்கிட் அலவன்ஸ் தொடங்கி, வருமான வரிக் கழிவு வரை ஒவ்வொரு கதவிலும் முதலில் கேட்பது இந்த அட்டையைத்தான்.

எந்த நாற்காலி என்பதுதான் கேள்வி

ஒரு நிமிடம் பணத்தை மறந்துவிடுவோம். சக்கர நாற்காலி என்று நாம் சாதாரணமாகச் சொல்வது ஒரே பொருள் இல்லை. மருத்துவமனை வாசலில் நிற்கும், மடக்கக்கூடிய இரும்பு நாற்காலி ஒரு பெரியவரை வார்டிலிருந்து கார் வரை கொண்டுபோகச் செய்யப்பட்டது. அதில் ஐந்து வயதுப் பிள்ளையை நாள் முழுவதும் உட்கார வைத்தால் என்ன ஆகும்?

இருக்கை அகலமாக இருப்பதால் பிள்ளை ஒரு பக்கம் சாயும். இருக்கை ஆழமாக இருப்பதால் முதுகு பின்னால் ஒட்டாது, இடுப்பு முன்னால் வழுக்கும். கால் மிதியில் எட்டாமல் தொங்கும். கழுத்தைத் தாங்க ஒன்றும் இருக்காது. தலை சரியாக நிற்காத பிள்ளைக்கு விழுங்குவதும் சிரமம், சோறு ஊட்டும்போது புரையேறும். ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்தால் தோல் புண்ணாகும். மாதக் கணக்கில் கோணலாக உட்கார்ந்தால் முதுகெலும்பின் வளைவும் மோசமாகலாம்.

பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளை அவர்களின் அசைவுத் திறனை வைத்து ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறார்கள். கனடாவில் 1997இல் வெளியான இந்த முறையை உலகம் முழுக்கத் தெரபிஸ்டுகள் பயன்படுத்துகிறார்கள். முதல் நிலையில் உள்ள பிள்ளை ஓடும், படி ஏறும். ஐந்தாம் நிலையில் உள்ள பிள்ளைக்குத் தலையையும் உடம்பையும் நிமிர்த்தி வைக்கவே உதவி வேண்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நடந்து 2006இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் நிலைப் பிள்ளைகள் யாருக்கும் இடுப்பு மூட்டு விலகவில்லை. ஐந்தாம் நிலையில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு விலகியிருந்தது. நாற்காலி மட்டுமே இதைத் தடுத்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நோயின் பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே உபகரணம் பொருந்தாது என்பதை இது காட்டுகிறது.

நிலை ஒன்று, இரண்டில் உள்ள பிள்ளைக்குக் கணுக்காலைத் தாங்கும் ஒரு பிளாஸ்டிக் கட்டு போதுமானதாக இருக்கலாம். நிலை மூன்றில் பின்னால் இழுத்துக்கொண்டு நடக்கும் வாக்கர் தேவைப்படலாம். நாலு, ஐந்தில்தான் பக்கவாட்டுத் தாங்கிகளும் தலைத் தாங்கியும் வைத்து, இருக்கையோடு முழுவதுமாகப் பின்னால் சாய்க்கக்கூடிய நாற்காலி வரும். சிலருக்கு அதோடு நிற்க வைக்கும் சட்டமும் வேண்டும். சாதாரண நாற்காலி சில நூறு ரிங்கிட் என்றால், சாயும் நாற்காலி பல ஆயிரம் ரிங்கிட். உதவி கேட்கும் இடத்தில் “வீல்சேர்” என்ற ஒரே சொல்லோடு போனால், முதல் வகைதான் கைக்கு வரும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டியில் நாற்காலி வழங்குவதற்கு எட்டுப் படிகள் சொல்லப்பட்டுள்ளன. பரிந்துரை, மதிப்பீடு, எந்த வகை என்று எழுதிக் கொடுப்பது, நிதி, தயாரிப்பு, பொருத்திப் பார்ப்பது, பயிற்சி, பராமரிப்பு. நிதி நாலாவது படியில்தான் வருகிறது என்பதைப் பாருங்கள். நம் ஊரில் நல்லெண்ணத்தோடு நடக்கும் பல ‘சக்கர நாற்காலி அன்பளிப்பு’ நிகழ்ச்சிகள் நாலாவது படியில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகின்றன. மேடையில் காசோலை, பத்து நாற்காலி, ஒரு குரூப் போட்டோ. அதில் எத்தனை நாற்காலி ஆறு மாதம் கழித்துத் துணி காயப்போடும் ஸ்டாண்டாக நிற்கிறது என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆகவே, பணம் தேடுவதற்கு முன்னால் தெரபிஸ்டிடம் அளவு எடுக்கச் சொல்லுங்கள். இடுப்பு அகலம், இடுப்பிலிருந்து முழங்கால் மடிப்பு வரை நீளம், முழங்காலிலிருந்து குதிகால் வரை நீளம், இந்த மூன்றும் கட்டாயம். கூடவே எந்தத் தாங்கி வேண்டும், எவ்வளவு வளர இடம் விட வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள். பிள்ளை வளரும். இரண்டு மூன்று வருடத்தில் நாற்காலி சிறிதாகிவிடலாம். இருக்கையின் அகலத்தையும் ஆழத்தையும் கூட்டிக் குறைக்க முடிகிற மாடலா என்று கேட்பது காசை மிச்சப்படுத்தும்.

ஆளுக்கு ஏற்ற நாற்காலி என்பது பணக்கார நாடுகளுக்கு மட்டும் உரிய ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். சென்னை ஐஐடியில் உருவான நியோமோஷன் நிறுவனம் பயன்படுத்துபவரின் உடல் அளவுக்கு ஏற்பச் செய்து தரும் நாற்காலியைச் சந்தைக்குக் கொண்டுவந்திருக்கிறது. தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தெரபியையும் உபகரணத்தையும் சேர்த்தே கொண்டுபோகிறது. யாழ்ப்பாணத்தில் 1987 முதல் ஜெய்ப்பூர் மறுவாழ்வு மையம் செயற்கைக் கால் பொருத்திக் கொடுக்கிறது. இவர்கள் எல்லாரும் குறைந்த காசில்தான் வேலை பார்க்கிறார்கள்.

சரி, யாரைக் கேட்பது?

பிள்ளை அரசாங்க மருத்துவமனையில் சிகிச்சை பெறுகிறது என்றால், முதல் கதவு அங்கேயே இருக்கிறது. கோலாலம்பூரில் துங்கு அசிசா மருத்துவமனை, கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு இயங்குகிறது. கவுண்டரில் ‘கெர்ஜா சோசியல் பெருபாத்தான்’ எங்கே என்று கேளுங்கள். டாக்டர் அல்லது தெரபிஸ்ட் அனுப்பி வைத்தால் அந்த அதிகாரி குடும்பத்தின் வருமானம், செலவு எல்லாவற்றையும் விசாரித்து அறிக்கை தயாரிப்பார். சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கான விண்ணப்பம் இவர் வழியாகத்தான் போகும். வெளியில் உள்ள அறநிதிகளும் பெரும்பாலும் இவருடைய அறிக்கையை நம்பியே முடிவு செய்கின்றன. பல குடும்பங்கள் வருடக் கணக்கில் அதே மருத்துவமனைக்கு வந்து போகின்றன, ஆனால் இந்த அறைக்குள் ஒருமுறைகூடப் போனதில்லை. யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது கதவு ஜேகேஎம். ‘பந்துவான் அலாட் தீருவான்’ என்ற உதவித் திட்டத்தில் செயற்கைக் கால், சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி போன்றவை வாங்க உதவி கிடைக்கும். மலேசியக் குடிமகனாக இருக்க வேண்டும், ஓகேயு கார்டு வேண்டும், சொந்தமாக வாங்க வசதி இல்லை என்று தெரிய வேண்டும், மருத்துவ அதிகாரி பரிந்துரைக்க வேண்டும். விண்ணப்பம் வீடு இருக்கும் மாவட்ட அலுவலகத்தில். படுத்த படுக்கையாக, முழுக்க இன்னொருவரை நம்பியிருக்கும் பிள்ளை என்றால், பராமரிக்கும் குடும்பத்துக்கு மாதா மாதம் பண உதவி தரும் தனித் திட்டமும் உண்டு. அதை உபகரண உதவியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இரண்டுக்கும் தனித்தனிப் பாரம். எந்த அலுவலகம் என்று தெரியாவிட்டால் தாலியான் காசே, 15999 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

இங்கே கிள்ளான் பள்ளத்தாக்குக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸ் கூட்டரசுப் பிரதேசம், கிள்ளான் சிலாங்கூர். கேடிஎம் ரயிலில் ஏறினால் நேராகப் போய்விடலாம். உதவிப் பாரத்தில் அது இரண்டு வேறு உலகம். சிலாங்கூர் மாநில அரசு சிறப்புப் பிள்ளைகளுக்காக ‘அனிஸ்’ என்ற உதவித் திட்டத்தை நடத்துகிறது. கிள்ளானில் இருக்கும் குடும்பம் அதற்கு முயற்சி செய்யலாம். பிரிக்ஃபீல்ட்ஸ் ஃபிளாட்டில் இருக்கும் குடும்பத்துக்கு அது இல்லை. அதனால் பிள்ளைக்குச் சிகிச்சை எங்கே நடக்கிறது என்பதையும், அடையாள அட்டையில் எந்த முகவரி இருக்கிறது என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். வாடகை வீடு மாறி மாறிப் போகும் குடும்பங்கள் இந்த முகவரியால்தான் அடிக்கடி மாட்டிக்கொள்கின்றன.

மூன்றாவது, அறநிறுவனங்கள். செராஸில் இருக்கும் ஹோஸ்பிஸ் மலேசியா 1991இல் தொடங்கியது. கிள்ளான் பள்ளத்தாக்கில் வீட்டுக்கே தாதியரை அனுப்பி இலவசமாகப் பராமரிப்புத் தருகிறது, தேவையான உபகரணங்களை இரவலும் கொடுக்கிறது. பெயரைக் கேட்டதுமே பெற்றோர் பயந்துவிடுவார்கள். “அது கடைசி நேரத்துக்குப் போற இடம்லா” என்பார்கள். ஆயுளைக் குறைக்கும் நோயோடு வருடக் கணக்கில் வாழும் பிள்ளைகளையும் அவர்கள் பார்க்கிறார்கள். டாக்டரின் பரிந்துரைக் கடிதம் இருந்தால் கேட்டுப் பாருங்கள். இரவல் என்பது கௌரவக் குறைச்சல் இல்லை. வளரும் பிள்ளைக்கு அதுதான் புத்திசாலித்தனம்.

பார்வைக் குறைபாடு என்றால் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் போக வேண்டும். 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. வெள்ளைக் கோலோடு நடப்பவர்களும் தரையில் மேடு வைத்த மஞ்சள் பாதையும் அந்த வட்டாரத்தின் அடையாளம். 2010இல் அங்கே லிட்டில் இந்தியா வளைவு வருவதற்குப் பல பத்தாண்டு முன்பிருந்தே அது பார்வையற்றோரின் ஊர். நாம் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போகும்போது அந்த மஞ்சள் பாதை மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமல் இருந்தாலே ஒரு உதவி.

சமூக அடிப்படையிலான மறுவாழ்வு மையங்களையும் மறக்க வேண்டாம். பிபிடிகே என்பார்கள். 1984இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கிய இந்தத் திட்டம் இன்று நாடு முழுக்க இருக்கிறது. நேரடியாக நாற்காலி கிடைக்காவிட்டாலும், எந்தச் சப்ளையர் நியாயமான விலை சொல்கிறார், யாரிடம் பழைய வாக்கர் சும்மா கிடக்கிறது என்ற தகவல் அங்கே வரும் மற்ற பெற்றோரிடம்தான் கிடைக்கும்.

சொந்தக் காசும் ஒரு வழி. ஈபிஎப் உறுப்பினர், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவத் துணை உபகரணம் வாங்கச் சுகாதாரப் பிரிவின் கீழ்ப் பணம் எடுக்கலாம். பிள்ளைக்காக மட்டும் இல்லை, உடன்பிறந்தவருக்காகவும் எடுக்கலாம். வருமான வரியில் கதை வேறு. மாற்றுத் திறனாளிக்கான அடிப்படை உபகரணத்துக்கு 6,000 ரிங்கிட் வரை கழிவு உண்டு, ஆனால் அது தனக்கு, துணைவருக்கு, பிள்ளைக்கு, பெற்றோருக்கு மட்டும். தம்பிக்கு அக்கா வாங்கிக் கொடுத்தால் கழிவு கிடையாது. ரசீதை யார் பெயரில் எடுப்பது என்று வாங்கும்போதே யோசியுங்கள்.

வீட்டில் ஓடும் மெஷின்கள்

நாற்காலியைப் பற்றியே பேசுகிறோம். ஆனால் சளியை உறிஞ்சும் சக்‌ஷன் மெஷின், ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர், மூக்குக் குழாய் வழி உணவு ஆகியவற்றோடு மருத்துவமனையை விட்டு வீடு திரும்பும் பிள்ளைகளும் உண்டு. மெஷின் இல்லாவிட்டால் டிஸ்சார்ஜ் இல்லை. அதனால் குடும்பம் அவசரத்தில் கிடைத்ததை வாங்கும்.

மெஷின் அன்பளிப்பாக வந்தாலும் செலவு முடியாது. சக்‌ஷனுக்குக் குழாய், கையுறை, சலைன் மாதா மாதம் வேண்டும். ஆக்சிஜன் மெஷின் 350 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், நாள் முழுக்க ஓடினால் மாதம் ஏறக்குறைய 250 யூனிட் மின்சாரம். கரண்ட் போனால் என்ன செய்வது என்பதற்கும் பதில் வேண்டும். பேட்டரியில் ஓடும் சக்‌ஷன் மெஷினா, காத்து நிற்க ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா? உதவி செய்ய முன்வரும் கோவில் கமிட்டியிடமோ கம்பெனியிடமோ, “மெஷினுக்கு ஆள் இருக்காங்க, ஆறு மாசத்துக்குக் குழாய் வாங்கித் தர முடியுமா?” என்று கேட்பது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை. போட்டோவுக்கு அழகாக இருக்காது, அவ்வளவுதான்.

அடையாளப் பத்திரம் இல்லாத பிள்ளை

மேலே சொன்ன அரசாங்கக் கதவுகள் எல்லாமே குடியுரிமை என்ற ஒரே சாவியில் திறக்கின்றன. இங்கேயே பிறந்தும் அந்தச் சாவி இல்லாத பிள்ளைகள் நம் சமுதாயத்தில் இருக்கிறார்கள். பெற்றோர் திருமணத்தைப் பதியாமல் இருந்து, தாய் மலேசியர் இல்லை என்றால், தந்தை மலேசியராக இருந்தாலும் பிள்ளைக்குக் குடியுரிமை தானாக வராது. கோவிலில் தாலி கட்டியது பதிவு ஆகாது. அந்தப் பிள்ளைக்கு உடற்குறையும் இருந்தால், ஜேகேஎம் உபகரண உதவி இல்லை, மருத்துவமனைக் கட்டணமும் வெளிநாட்டவர் கட்டணம்.

இப்படிப்பட்ட குடும்பத்துக்கு இரண்டு வேலைகளை ஒரே சமயத்தில் தொடங்க வேண்டும். உபகரணத்துக்கு அரசு சாரா அமைப்புகளை அணுகுவது ஒன்று. இன்னொன்று, குடியுரிமை விண்ணப்பம். பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் டிரா மலேசியா நீண்ட காலமாக இந்த வேலையில் குடும்பங்களுக்கு உதவி வருகிறது. வருடக் கணக்கில் ஆகலாம். பிள்ளை அதற்குள் வளர்ந்துவிடும் என்பதுதான் இதில் வலிக்கும் உண்மை.

நீங்கள் பணம் திரட்டப் போகிறீர்களா?

வீடு வீடாகவோ தெருவிலோ வசூல் செய்ய 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி போலீஸ் அனுமதி வேண்டும். நண்பர்கள் சேர்ந்து பசார் மாலாமில் உண்டியல் ஏந்துவதும் இதில் அடங்கும். சங்கம் என்று சொல்பவர்கள் சங்கப் பதிவிலாகாவில் பதிந்திருக்கிறார்களா என்று பார்க்கலாம். வரி விலக்கு ரசீது தருகிறோம் என்றால், வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள்.

ஆன்லைன் வேண்டுகோள் என்றால், பணத்தைத் தனிநபர் கணக்குக்கு அனுப்பாமல் சப்ளையரின் இன்வாய்ஸுக்கு நேராகக் கட்ட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். உண்மையான குடும்பம் இதற்குக் கோபப்படாது. இலக்குத் தொகை சேர்ந்ததும் வேண்டுகோளை மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் பழைய செய்தி மூன்று வருடம் கழித்தும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பிள்ளையின் படம் பற்றி ஒரு வார்த்தை. வாயில் எச்சில் ஒழுகும், டயப்பரோடு படுத்திருக்கும் படத்தைப் போட்டால் பணம் வேகமாகச் சேரும், மறுக்கவில்லை. அதே பிள்ளைக்குப் பதினைந்து வயதாகும்போது, வகுப்பு நண்பன் அந்தப் படத்தைக் கூகுளில் கண்டுபிடிப்பான். டாக்டர் கடிதமும் விலைப் பட்டியலும் போதும், முகம் தேவையில்லை. அந்தக் கடிதத்தைப் போடும்போதும் அடையாள எண்ணை மறைத்துவிடுங்கள்.

ஒரு ஃபைல் போடுங்கள்

கடைசியாக, உங்கள் கைபேசியில் செய்யக்கூடிய வேலை. ஓகேயு கார்டு, பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் சம்பளச் சீட்டு, மின்சார பில், தெரபிஸ்டின் அளவுக் கடிதம், டாக்டரின் பரிந்துரை, சப்ளையரின் கொட்டேஷன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே ஃபோல்டரில் வையுங்கள். அப்பாவுக்குச் சம்பளச் சீட்டு இல்லை, நாள் கூலி என்றால், வருமான உறுதிக் கடிதத்தை யார் கையொப்பமிட்டால் ஏற்பார்கள் என்று அந்தந்த அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தெரபிஸ்டின் கடிதத்தில் தேதியைப் பாருங்கள். ஒரு வருடம் பழையது என்றால் அளவு மாறியிருக்கும், புதிதாக எடுக்க வேண்டும். எங்கே எந்தத் தேதியில் விண்ணப்பித்தீர்கள், யார் பேசினார்கள் என்று ஒரு பக்கத்தில் குறித்து வையுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் கேட்பதில் தப்பில்லை, ஆனால் இரண்டு இடத்திலும் அதைச் சொல்லிவிடுங்கள். ஒன்று கிடைத்ததும் மற்றதை ரத்து செய்தால், அந்தப் பணம் வரிசையில் அடுத்து நிற்கும் பிள்ளைக்குப் போகும்.

நாற்காலி வந்த நாளில் தெரபிஸ்டிடம் திரும்பக் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்க்க மறக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து மறுபடியும் ஒரு தேதி வாங்கிக்கொள்ளுங்கள்.